அம்மா அறையில் திரும்பிய கேமரா

ஃபயர்வால் என்றால் என்னவென்று தெரியாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கொடுப்பினை இல்லை. அதைப் படிக்க வைப்பதற்கென்றே கல்ஃபில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்.

நான் கேரள எல்லையோரம் பாறசாலையில் ஆதாரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கிறேன். நிலம் கைமாறும்போது எழுதுகிற பத்திரத்தைத்தான் எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். கிழக்கே இன்னார் புரையிடம், அதாவது வீட்டு மனை, மேற்கே பஞ்சாயத்து வழி என்று பகல் முழுக்க மலையாளத்தில் எல்லை அடித்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எங்கள் ஊர் கொல்லயிலுக்கு வந்து, அம்மாவிடம் தமிழில் சண்டை போடுவதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நானும் அம்மாவும் மட்டும்தான்.

அந்த அம்மா, மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். நான் வந்து கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். கேட்டால்தானே. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு காரியம் சொன்னார்: தண்ணீர். படுத்துக் கிடக்கிறவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் மூத்திரத்தில் இன்ஃபெக்‌ஷன் வரும், காய்ச்சல் வரும், திரும்பவும் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டியிருக்கும். இந்த வயதில் அப்படி இரண்டாம் தடவை வருகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்றார். டாக்டர்கள் பூசி மெழுகுவார்கள் என்பார்கள். இவர் மெழுகவில்லை.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடுத்த விளை வீட்டிலிருந்து ஓர் அக்கா வருவாள். குளிப்பாட்டி, துணி மாற்றி, பெட்பேன் வைத்து எடுத்து, சோறும் கொடுத்துவிட்டு மத்தியானம் போய்விடுவாள். நான் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். நடுவில் அம்மா தனியாகக் கிடக்கிற அந்த நேரம் முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டுதான் டைப் அடிப்பேன். யாருடைய புரையிடத்துக்கு யாரை எல்லையாகப் போட்டேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதைச் சொன்னதும் அண்ணன் கேமரா வைக்கலாம் என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது, பொய் சொல்வானேன். நெய்யாற்றின்கரையிலிருந்து ஃபிட்டர் ஒருத்தன் வந்தான். கைக்குள் அடங்குகிற வெள்ளை உருண்டை. நாலாபக்கமும் தலையைத் திருப்பும். அதை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல் வைத்தான். என் ஃபோனில் படம் தெரிந்தது, அண்ணனின் ஃபோனில் தெரியவில்லை. அண்ணன் வீடியோ காலில் நின்றுகொண்டு அதைத் தட்டு, இதைத் தட்டு என்று ஏவினான். ஃபிட்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இன்டர்நெட் வருகிற ரூட்டர் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போய் என்னவோ செய்தான். அண்ணன் அங்கே தெரியுது தெரியுது என்று குதித்தான்.

என்ன செய்தாய் என்று கேட்டேன். "ஃபயர்வால் ஓஃப் செய்து சேச்சி. இனி ஒரு பிரஸ்னவும் இல்லா," என்றான். தீ சம்பந்தமாக எதையோ அணைத்துவிட்டுப் போகிறான், நல்லதுதானே என்று சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அந்தச் சாயாவை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

இதற்குள் அம்மாவைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்குச் சுகமில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பது கட்டாயக் கடமை. ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வந்து, கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மெலிஞ்சு போச்சே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த கல்யாணப் பந்தலில் நாலு பேருக்கு நடுவில் வைத்து, நான் கிடந்தப்பம் எட்டிப் பாத்தியா என்று கேட்டுவிடுவார்கள். அதில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களெல்லாம் அண்ணனைக் கூப்பிட்டு, வந்து பார்க்க முடியவில்லையே என்று மாய்ந்து போனார்கள். அவனுக்கு அது பெருமையாக இருந்தது.

கேமரா வந்த கொஞ்ச நாளிலேயே அம்மா சொல்ல ஆரம்பித்தாள், அது திரும்புகிறது என்று. அண்ணனாக்கும் பாக்கியான், பாத்துட்டுப் போறான் விடு என்றேன். மறுநாளும் சொன்னாள். துணி மாற்றும்போது திரும்பியதாம். அக்கா அதன் மேல் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டு மூடத்தான் செய்தாள். ஆனால் பெட்பேன் என்ன மணி பார்த்தா வருகிறது? அவசரத்தில் மறந்து போகும். அண்ணனிடம் கேட்டேன். வேலை நேரத்தில் ஃபோனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன், நான் எங்கே திருப்ப, வயசானா அப்படித்தான் ஒவ்வொண்ணு தோணும் என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வரவில்லை. நான்தான் அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் காரில் போய்க்கொண்டே ஃபோனில் பேசுகிறான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்திருக்கிறேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா கிர்ர் என்று தலையைத் திருப்பி, எங்களைப் பார்த்து நின்றது. நீ இப்போது கேமராவைத் திருப்பினாயா என்று கேட்டேன். வண்டி ஓட்டுகிறவன் எப்படித் திருப்புவான் என்று அவன் கத்தினான். நான் அம்மாவின் மேல் போர்வையை இழுத்துப் போட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அன்னைக்கே சொன்னேனே என்று இருந்தது.

மறுநாள் அக்கா சொன்னாள், கூஜாவில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது என்று. சோற்றோடு ஒரு வாய், மாத்திரைக்கு ஒரு வாய், அவ்வளவுதானாம். என்னத்துக்கு இப்படிச் செய்கிறாய், திரும்பவும் காரக்கோணத்துக்குப் போக ஆசையா என்று அம்மாவிடம் பாய்ந்தேன். அம்மா சுவரைப் பார்த்தே சொன்னாள்:

"குடிச்சா மூத்திரம் போணும். போணும்னா துணியத் தூக்கணும். அது பாக்கும்."

பிறகு நான் பாயவில்லை. வயரைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், எடுக்கவே இல்லை. பாதி ஆதாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். ஃபோன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்ய? வயரைத் திரும்பச் செருகினேன். பார்க்கிற அந்தப் படுபாவியைத் தொலைத்தே தீர்வது என்று அன்றைக்குத்தான் இறங்கினேன்.

ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருத்தன் விளக்கத் தொடங்குமுன் அவன் கதையையெல்லாம் சொல்கிறான். இன்னொருத்தன் மலையாளத்தில் தொடங்கி இங்கிலீஷில் போய் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அமுக்க வைத்து, கடைசியில் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கண்ட வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்த்து ஒருவழியாக எனக்குப் புரிந்தது இதுதான். வீட்டுக்குள் இருக்கிற ஃபோன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் ரூட்டர் நிற்கிறது. அதற்குள் இருக்கிற ஃபயர்வால் ஒரு சுற்றுச்சுவர். உள்ளேயிருந்து நாம் கேட்ட சரக்கை வரவிடும். நாம் கூப்பிடாமல் வெளியிலிருந்து தானாக வந்து தட்டுகிறவனை விடாது. அந்தச் சுவரைத்தான் அந்த மகராசன் அணைத்துவிட்டுப் போயிருந்தான்.

ரூட்டரின் முதுகில் ஒட்டியிருந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொண்டே செட்டிங்ஸுக்குள் போக முடிந்தது. யாரும் மாற்றவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற வேலை. உள்ளே போனால், ஃபயர்வால் ஆஃப். அதோடு விட்டானா? வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்கு வர ஒரு வழியும் தனியாகத் திறந்து வைத்திருந்தான். அதற்குப் போர்ட் என்று பேர். நாலு எல்லையும் சுத்தமாகச் சொல்லி ஆதாரம் எழுதிவிட்டு, ஊரில் உள்ளவர்களெல்லாம் அடுக்களை வழியாக நடந்து போகலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தது போல இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். யாரை ஏசுகிறாய் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

ஃபிட்டரைக் கூப்பிட்டேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் வைக்கிறோம், இதுவரை ஒருத்தரும் பரிபவம் சொன்னதில்லை என்றான். யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தானே ஒருத்தர் புகார் சொல்ல?

ஃபயர்வாலைப் போட்டேன். கோபத்தில் இருப்பதிலேயே உச்சத்தில் வைத்தேன். டிவி நின்றது. கேஸ் புக் செய்யப் போனால் அது சுற்றிச் சுற்றிச் செத்தது. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு மேல் அண்டை வீட்டுக்காரி தலையை நீட்டி, நெட்டு இல்லியா, எங்களுக்கும் கிட்டலியே என்றாள். எங்களுக்கும் என்றால்? எங்கள் வைஃபை பாஸ்வேர்டை அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். வீட்டுப் பேரும் ஒன்று இரண்டு மூன்றும்தான் பாஸ்வேர்டு, சொல்லவும் சுலபம். ஏன் கொடுத்தாய் என்று கேட்டதற்கு, கிணத்துல வெள்ளம் கோரப்பிடாதுன்னு ஒருத்தியிட்ட சொல்லுவியா என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். ரூட்டர் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றினேன். ஃபயர்வாலை நடுத்தரத்துக்கு இறக்கினேன். போர்ட்டை அடைத்தேன். அண்டை வீட்டுக்காரி அதற்குப் பிறகு மதில் பக்கம் வந்தால் என் தலைக்கு மேலே தென்னையைத்தான் பார்ப்பாள்.

வைஃபை பாஸ்வேர்டு மாறியதும் கேமராவும் அறுந்து போயிற்று. அதைத் திரும்பச் சேர்க்க அண்ணன் ஃபோனில் ஆப்பைத் திறந்து வழி சொன்னான். வழி சொன்னதைவிட, டைப் அடிக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று ஏசியதுதான் அதிகம். போர்ட் இல்லாமலே ஆப்பில் அவனுக்குப் படம் தெரிந்தது. அப்படியென்றால் முதலில் சுவரை இடித்தது எதற்கு என்று கேட்டேன். லைன் கட்டாயிற்று.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன், எல்லாம் அடைத்தாயிற்று, இனி ஒரு கள்ளனும் வர முடியாது, குடி என்று. டம்ளரை வாங்கினாள். இரண்டு மடக்குக் குடித்தாள். கிர்ர் என்றது. கேமரா அம்மாவின் பக்கம் மெதுவாகத் திரும்பி நின்றது. அம்மா டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் புரண்டாள். அண்ணனாக்கும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அவன் அந்நேரம் டியூட்டியில்.

மூன்றாம் பேர் அறியாத பாஸ்வேர்டு, போட்ட சுவர், அடைத்த வழி, எல்லாம் இருந்தும் உள்ளே ஒருத்தன் இருக்கிறான். பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மாவின் உதடு வெடிக்கத் தொடங்கியிருந்தது. மூத்திரம் கட்டஞ்சாயா நிறத்தில் போகிறது என்றாள் அக்கா.

அந்த வாரம் மஸ்கட்டிலிருந்து அத்தை மகள் கூப்பிட்டாள். நலம் விசாரித்த கையோடு எனக்குப் புத்தி சொல்லவும் ஆரம்பித்தாள்.

"மாமிக்கு அந்தப் பச்சை விரிப்ப மாத்தப்பிடாதா? மூணு நாளா அதுலதானே கிடக்காவ. முதுகுல புண்ணு வந்துரும் பாத்துக்கோ."

பச்சை விரிப்பு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் தெனமும் பாக்கத்தானே செய்யேன். வர முடியாதவங்க இப்பிடியாவது ஒருக்கா பாக்கட்டும்னு அத்தான் குரூப்புல போட்டாருல்லா. மாமி எப்பவும் முதுகத்தான் காட்டியாவ. நான்தான் திருப்பித் திருப்பிப் பாக்கேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் குடும்பக் குரூப்பைத் திறந்தேன். நானும் அதில் இருக்கிறேன்தான். காலை வணக்கப் பூக்களும் கண்ட கண்ட வைத்தியமும் பொறுக்காமல் சத்தத்தை அணைத்துப் போட்டு மாதங்களாகிவிட்டது. மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். ஆப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு, கீழே கும்பிடுகிற கை. அண்ணன் போட்டது. அதன் கீழே வரிசையாக, பாத்தாச்சு, பாத்தேன் மெலிஞ்சு போச்சு, சாப்பாடு எறங்கலபோல என்று ஆளாளுக்கு வந்து ஆஜர் வைத்திருந்தார்கள். ஒரு சித்தப்பா, துவர்த்துப் போட்டு மூடியிருக்கு, எடுக்கச் சொல்லணும் என்று எழுதியிருந்தார். சுகமில்லாதவளைப் பார்க்கிற கடமை சுத்தமாக முடிந்திருந்தது. ஆரஞ்சு மட்டும்தான் வரவில்லை.

நான் கள்ளன் கள்ளன் என்று சுவரைக் கட்டிக்கொண்டிருந்தேன். சுவர் என்ன செய்யும், பாவம்? கேமரா தானாகவே உள்ளேயிருந்து வெளியே போய் ஆப்புக்குப் படத்தைக் கொடுக்கிறது. ஆப்பைத் திறக்கிற பாஸ்வேர்டை வீட்டு மூத்த மகன் ஊரெல்லாம் பங்கு வைத்திருக்கிறான். ஃபயர்வாலுக்கு அதெல்லாம் நாம் கூப்பிட்ட ஆட்கள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி என்று எடுக்கிறவரை கூப்பிட்டேன். நான் சொல்லி முடித்த பிறகும் அவனுக்குத் தப்பு எங்கே என்று புரியவில்லை.

"எல்லாரும் நம்ம ஆளுவதானேட்டி," என்றான். "அன்னியரா பாத்தாவ?"

"நம்ம ஆளு பாத்ததுதான் அண்ணே அம்மைக்குக் கேடு. கள்ளன் பாத்தா அவன் யாரோ எவனோ, போய்த் தொலையட்டும்னு விடலாம். இவங்க முகத்துல அம்மை நாளைக்கு முழிக்கண்டாமா?"

அவன் மெதுவாக, நான் எப்பம் தொறந்தாலும் அம்மைக்க முதுகுதான் தெரியும், மொகத்த நான் பாத்தே நாளாச்சு என்றான். அத்தனை ஆத்திரத்திலும் எனக்கு மனசு பிசைந்தது. ஆனால் விடவில்லை. லைனில் வைத்துக்கொண்டே ஆப்பின் பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். மற்ற எல்லாரையும் வெளியே தள்ள வைத்தேன். இனி அண்ணனும் நானும் மட்டும். இது உறுதி, நானே கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கள்ளன் இல்லை, இன்னின்னார் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்தான், ஆனால் கேமரா திரும்பியது அம்மாவின் தோணலில்லை என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும் அல்லவா? சித்தப்பா பேரைச் சொன்னபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. இனி அண்ணன் ஒருத்தன்தான் பார்ப்பான், அதுவும் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் திறப்பான் என்றேன். கூஜாவை அவள் கண்ணில் படுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன்.

அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு என் பக்கம் புரண்டாள். அலமாரி மேல் இருந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மக்களே, இதுல எனக்கு அவனப் பாக்க முடியுமா?"

"முடியாதும்மா. அவனுக்கு உன்னப் பாக்கலாம். அவ்வளவுதான்."

"அப்பம் அதத் தூரக் களை. பாக்கணும்னா வரச் சொல்லு."

மத்தியானம் தனியாக் கிடக்கணுமே என்றேன். அதெல்லாம் கிடந்துக்கிடுவேன் என்றாள். நான் எழுந்து வயரைப் பிடுங்கி, கேமராவை எடுத்து அலமாரிக்குள் பழைய துணிகளுக்கு அடியில் போட்டுச் சாத்தினேன்.

"கொஞ்சம் வெள்ளம் எடு," என்றாள் அம்மா.

டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரை இன்னொரு தடவை நீட்டினாள்.